ஹார்ட்டிஸ்க் யார் கண்ணுக்குத் தெரியவில்லை?

தைப்பூசம் முடிந்த வாரம், மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டு வாசலில் தெரிந்த அக்கா ஒருவர் வந்து நின்றார். கையில் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய ஒரு சின்ன ஹார்ட்டிஸ்க். "தம்பி, கம்ப்யூட்டர்ல தெரிய மாட்டேங்குதுப்பா. மக கல்யாணம் மொத்தமும் இதுலதான் கெடக்கு" என்றார். மகன் தண்ணீர்மலை முருகன் கோயிலில் காவடி எடுத்த படங்களை ஏற்றலாம் என்று செருகியபோதுதான் விஷயம் தெரிந்ததாம்.

"தெரியவில்லை" என்ற இந்த ஒரு சொல்லில்தான் சிக்கலே இருக்கிறது. ஒரு வீட்டு மணியை அடிக்கிறோம், யாரும் வரவில்லை. ஆள் ஊரில் இல்லையா, தூங்குகிறாரா, மணிக்கே கரண்ட் இல்லையா, அல்லது நாம்தான் பக்கத்து வீட்டு மணியை அடித்துக்கொண்டிருக்கிறோமா? வெளியே நிற்பவருக்கு எல்லாம் ஒரே மௌனம்தான். அதனால் யார் வந்து இப்படிச் சொன்னாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "யாருக்குத் தெரியல?" கணினியைப் போட்டதும் முதலில் விழிக்கிற பயாஸ் என்ற அடிப்படை நிரலுக்கே தெரியவில்லையா, பயாஸுக்குத் தெரிந்தும் விண்டோஸுக்குத் தெரியவில்லையா, விண்டோஸுக்கும் தெரிந்து, கோப்புறைச் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற உங்களுக்கு மட்டும் தெரியவில்லையா? மூன்றும் வேறு வேறு நோய். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு விஷமாகக்கூட ஆகலாம்.

அடுத்து, "டிஸ்க் வேணுமா, உள்ளே இருக்கிறது வேணுமா?" என்று கேட்பேன். டிஸ்க் மட்டும் போதும் என்றால் என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். உள்ளே இருப்பது வேண்டும் என்றால், தெரிகிற பொத்தானையெல்லாம் அழுத்தக்கூடாது. தரவு இழந்து வருகிற பலரிடம் விசாரித்தால், டிஸ்க் செய்த சேதத்தைவிட அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்த வைத்தியம் செய்த சேதம்தான் பெரிதாக இருக்கும்.

கரண்ட் போட்டதும் ஹார்ட்டிஸ்க்குக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் எளிது. முதலில் அடியில் உள்ள பச்சைப் பலகை விழிக்கிறது. அது மோட்டாரை ஓட்டி, தரவு பதிந்திருக்கும் வட்டத் தட்டுகளைச் சுழற்றுகிறது, பொதுவாக நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. வேகம் பிடித்ததும், ஓரத்தில் ஒதுங்கியிருந்த கை ஒன்று தட்டுகளின் மேல் நகர்ந்து வருகிறது. அதன் நுனியில்தான் படிக்கும், எழுதும் ஹெட். அது தட்டைத் தொடுவதில்லை. சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 75,000 நானோமீட்டர் என்றால் இடைவெளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தட்டில் நம் கண்ணுக்குக் காட்டாத ஒரு பகுதி உண்டு. டிஸ்க் தன்னைப் பற்றிய குறிப்புகளையும் தன் மென்பொருளின் பெரும்பகுதியையும் அங்கேதான் வைத்திருக்கும். ஹெட் அதைப் படித்து முடித்த பிறகே, "நான் இன்ன மாடல், இவ்வளவு கொள்ளளவு" என்று கணினிக்கு முழுமையாகப் பதில் சொல்ல முடியும்.

பினாங்குக்காரர்களுக்கு இந்த ஹெட் அந்நியப் பொருள் இல்லை. 1972-இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. தொண்ணூறுகளில் சீகேட், குவாண்டம், ரீட்-ரைட், கோமேக் என்று ஹார்ட்டிஸ்க் உலகின் பெரிய பெயர்கள் பல இந்தத் தீவில் இருந்தன. தோட்டப்புறங்களிலிருந்து வந்த பெண்கள் எத்தனையோ பேர் தொழிற்சாலை பஸ் ஏறி ஷிப்டுக்குப் போனது அங்கேதான். என் சித்தியும் அப்படிப் போனவர். தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே, எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப். டிஸ்க்கைத் திறந்து பார்க்கலாமா என்று நான் ஒருமுறை ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்தபோது சித்தி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஒரு தூசிக்குப் பயந்து எங்கள காத்து ஊதுற ரூம்ல நிக்க வெச்சு அனுப்புவாங்க. நீ ஃபேனுக்கு அடியில ஒக்காந்து தொறக்கப் போறியா?" இணையக் காணொளிகளைப் பார்த்து மூடியைத் திறப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். நானோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெட்டுக்கு வீட்டுத் தூசி ஒவ்வொன்றும் பாறைதான்.

சரி, பயாஸுக்கே தெரியாத நிலையை முதலில் எடுப்போம். இங்கே சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் மின்சாரம், அடுத்தது கேபிள். அலுப்பான பதில்தான், ஆனால் நான் பார்த்தவரை இதுவே அதிகம். யூஎஸ்பி 2.0 துளை முறைப்படி தருவது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3.0 என்றால் 900. கையடக்க டிஸ்க்கின் மோட்டார் நின்ற இடத்திலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிக்கு ஒரு ஆம்பியர் வரைகூடக் கேட்கும். பழைய மடிக்கணினி, நீளமான மலிவுக் கேபிள், கரண்ட் இல்லாத யூஎஸ்பி ஹப், மேசைக் கணினியின் முன்பக்கத் துளை, இவற்றில் இரண்டு சேர்ந்தாலே போதும். விளக்கு மினுக்கும், உள்ளே மோட்டார் முனகும், மீண்டும் அடங்கும். அந்த முனகலைக் கேட்டுப் பலர் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அக்கா கொண்டுவந்ததும் முதலில் அப்படித்தான் இருந்தது. மகனின் மடிக்கணினியில் ஹப் வழியாகச் செருகியிருந்தார்கள். நான் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேபிளைச் செருகினேன். இதை எல்லாரும் செய்து பார்க்கலாம். நல்ல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது கையில் மெல்லிய அதிர்வு ஏறும், லேசாகச் சாய்த்தால் பம்பரத்தைப் பிடித்ததுபோல எதிர்க்கும். இதில் அதிர்வு ஏறி, பாதியில் விழுந்தது. டிக், டிக், அப்புறம் நிசப்தம். தட்டையான அந்த அகல முனைக் கேபிளை மாற்றினேன். இரண்டு வருடத்தில் தளர்ந்துவிடும் சாமான் அது, யார் கண்டுபிடித்தார்களோ. குட்டைக் கேபிள், மேசைக் கணினியின் பின்பக்கத் துளை. இம்முறை அதிர்வு ஏறி நிலைத்தது. கதை அங்கே முடியவில்லை, பிறகு வருகிறேன்.

கணினிக்குள்ளே இருக்கும் டிஸ்க் என்றால், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் பெரும்பாலும் குற்றவாளி. பிடிப்பு இல்லாத கேபிள், யாராவது ரேம் மாற்றும்போது கை பட்டு அரை மில்லிமீட்டர் நழுவியிருக்கும். டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்கில் சி7 என்ற வரி ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் கோளாறு டிஸ்க்கில் இல்லை, வழியில் இருக்கிறது என்று பொருள். இன்னொன்று, புதிதாக எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேரே செருகும், சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க்) போட்ட கையோடு பழைய ஹார்ட்டிஸ்க் காணாமல் போனால் பதறாதீர்கள். சில மதர்போர்டுகளில் எம்.2 துளையும் ஓரிரண்டு சாட்டா துளைகளும் ஒரே பாதையைப் பங்குபோடும். ஒன்றில் ஆள் ஏறினால் மற்றது அணைந்துவிடும். கேபிளை வேறு சாட்டா துளைக்கு மாற்றினால் ஆள் வந்துவிடும். இந்த ஒரு வரி மதர்போர்டு கையேட்டில் இருக்கும், கையேட்டை யார் படிக்கிறார்கள்?

நம் ஊர்க் காற்றுக்கும் இடிக்கும் தனிக் கணக்கு உண்டு. மாலை நேர இடிமழையில் மோடமும் டிவியும் போன கதை இல்லாத வீடு இங்கே குறைவு. கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னும் மோசம். ஹார்ட்டிஸ்க் பலகையில் மின்சாரம் நுழையும் இடத்தில் அரிசிமணியைவிடச் சற்றே பெரிய இரண்டு கறுப்புப் பாகங்கள் இருக்கும், டிவிஎஸ் டயோடு. மின்னழுத்தம் எகிறினால் தாங்களே குறுக்குச் சுற்றாகி உயிரை விட்டு, பின்னால் இருக்கிற பலகையைக் காப்பாற்றுவதுதான் அவற்றின் வேலை. 12 வோல்ட் கேட்கும் பெரிய வெளி டிஸ்க்கில், உருண்டை முனை பொருந்துகிறதே என்று 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரைச் செருகிவிட்டவர்களும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். அந்த டயோடு மட்டும் போயிருந்தால் கைதேர்ந்தவர் பத்து நிமிடத்தில் உயிர் கொடுத்துவிடுவார். பலகையே போயிருந்தால், கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோ யாட் பிளாசாவில் அதே மாடல் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கிப் பலகையை மாற்றினால் போதும் என்பார்கள். முன்னொரு காலத்தில் போதும். இப்போது ஒவ்வொரு டிஸ்க்கின் ஹெட்டுக்கும் தட்டுக்கும் ஏற்ற அளவீடுகள் அதன் பலகையில் உள்ள ஒரு சின்ன எட்டுக்கால் சிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தச் சிப்பையும் பெயர்த்துப் புதுப் பலகையில் வைக்காவிட்டால் எழும்பாது.

ஈரப்பதமும் அப்படித்தான். சில பழைய டிஸ்க்குகளில் பலகையைக் கழற்றினால், அது உள்ளிருக்கும் ஹெட்டோடு தொட்டுக்கொள்ளும் புள்ளிகள் கறுத்துப் போயிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்தாலே பிழைத்துக்கொண்டவை உண்டு. பலகையைக் கழற்றுவதால் தட்டு அறை திறப்பதில்லை, அதனால் சித்தியின் சாபம் இதற்குப் பொருந்தாது. வெள்ளம் என்றால் வேறு கதை. 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியபோதும், 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோதும் வெள்ளம் வடிந்த வீடுகளில் பொருள்களை வெயிலில் காய வைத்துச் செருகிப் பார்ப்பது தன்னிச்சையாக நடந்தது. ஹார்ட்டிஸ்க்குக்கு அது கூடாது. பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு துளை உண்டு, சேற்றுநீர் அது வழியே போயிருந்தால் காயும்போது மண் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். முக்கியமான தரவு என்றால் காய வைக்காமல், ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் மூடி, கரண்டே காட்டாமல் மீட்பு நிபுணரிடம் கொண்டுபோவதுதான் வழி. அரிசி மூட்டைக்குள் புதைப்பதும், ஃபிரிட்ஜில் வைப்பதும் வேண்டவே வேண்டாம். உறைபெட்டியிலிருந்து எடுத்த டிஸ்க்கின் தட்டில் நம் ஊர்க் காற்று உடனே வியர்த்துவிடும்.

சத்தம் கேட்கத் தெரிந்திருப்பது நல்லது. சீரான இடைவெளியில் டக், டக் என்று கேட்டால் ஹெட் தன் வழியைத் தேடித் தோற்றுக்கொண்டிருக்கிறது. உடனே பிடுங்கிவிடுங்கள், ஒவ்வொரு டக்கிலும் தட்டு கீறப்படலாம். இதை ஆங்கிலத்தில் மரணக் கிளிக் என்பார்கள். அந்தப் பெயர் பிரபலமானது தொண்ணூறுகளின் ஐஒமேகா ஜிப் டிரைவால். அந்த நிறுவனத்துக்கும் பினாங்கில் ஒரு தொழிற்சாலை இருந்தது என்பது நம் ஊர் வரலாற்றின் சின்ன நகைச்சுவை.

சத்தமே இல்லாமல், நன்றாகச் சுழன்றும் பயாஸுக்குப் பதில் வராமல் இருப்பதும் உண்டு. பெயர் வந்து கொள்ளளவு பூஜ்யமாகவும் காட்டலாம். டிஸ்க் தன் ரகசியப் பகுதியைப் படிக்க முடியாமல் திணறுகிறது என்று அதற்கு அர்த்தம். 2009 தொடக்கத்தில் சீகேட்டின் பாரகுடா 7200.11 டிஸ்க்குகள் உலகம் முழுக்க இப்படி ஊமையாகின. உள்ளே எழுதப்படும் ஒரு நிகழ்வுப் பதிவின் கணக்கு குறிப்பிட்ட எண்ணில் நிற்கும்போது கரண்ட் போட்டால் டிஸ்க் எழும்பாது. மென்பொருள் பிழை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. தட்டில் இருந்த படங்களுக்கு ஒரு கீறலும் இல்லை, வாசல் மட்டும் பூட்டிக்கொண்டது. இந்த வகைக்கு வீட்டு வைத்தியம் இல்லை. சிறப்புக் கருவி வைத்திருப்பவரிடம்தான் போகவேண்டும், ஹெட் மாற்றும் அளவுக்குப் போனால் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளியில் (ரிங்கிட்டில்) பேசும். கல்யாண வீடியோவுக்கு அது தகுமா என்பதை வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள்.

எஸ்எஸ்டி பற்றி ஒரு வரி. அது முனகாது, டக்கென்று அடிக்காது, முன்னறிவிப்பும் பல நேரம் தராது. நேற்று இருந்தது, இன்று இல்லை. 2018-இல் பெட்டாலிங் ஜெயா ஹார்ட்டிஸ்க் தொழிற்சாலையை மூடப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் அறிவித்தபோது, பினாங்கில் எஸ்எஸ்டி உற்பத்தியைப் பெருக்குவதாகவும் சொன்னது. காலம் போகிற திசை அதுதான். ஆனால் சத்தத்தை வைத்து நோய் பார்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு வேலை கடினமாகிவிட்டது.

இனி, பயாஸுக்குத் தெரிந்து விண்டோஸிலோ கோப்புறைச் சன்னலிலோ மட்டும் காணவில்லை என்றால் மனசு பாதி இறங்கலாம். ஸ்டார்ட் பொத்தானில் வலச் சொடுக்கு சொடுக்கி டிஸ்க் மேனேஜ்மென்ட் திறங்கள். அங்கே டிஸ்க் ஆரோக்கியம் என்ற குறிப்போடு இருந்து, ஈ, எஃப் போன்ற டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால், எழுத்து கொடுத்தால் வேலை முடிந்தது. இதைவிட மகிழ்ச்சியான முடிவு இந்தத் துறையில் கிடையாது. "ஆஃப்லைன்" என்று இருந்தால், பெரும்பாலும் ஒரு டிஸ்க்கை அச்சாக நகலெடுத்து இரண்டையும் ஒன்றாகச் செருகியிருப்பீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண், விண்டோஸ் ஒன்றை வெளியே நிற்க வைத்துவிட்டது. 3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டுகிறதா? பழைய காலத்துக் கணக்கு 2 டிபி வந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும், அதற்கு மேல் உள்ள மிச்சத்தை மட்டும் காட்டும். பெரும்பாலும், டிஸ்க்கை வைத்திருக்கும் பழைய யூஎஸ்பி பெட்டியின் வேலை அது.

விண்டோஸ் புதிதாக நிறுவும்போது மட்டும் டிரைவே காட்டவில்லை என்றால் அது வேறு. 11-ஆம் தலைமுறை இன்டெல் மடிக்கணினிகளிலிருந்து இது பரவலாகிவிட்டது. நிறுவும் நிரலுக்கு அந்த டிரைவோடு பேசத் தெரியாது, அவ்வளவுதான். இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் என்ற மென்பொருளைப் பென்டிரைவில் வைத்து நிறுவும் திரையில் ஏற்றினால் டிரைவ் வந்துவிடும். இதற்குப் போய்ப் புது எஸ்எஸ்டி வாங்கியவரை எனக்குத் தெரியும்.

பயப்பட வேண்டிய இடம் மரியாதையாகக் கேட்கப்படும் கேள்விகள்தான். "இந்த டிஸ்க்கைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யவா?" "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்ய வேண்டும், எம்பிஆரா ஜிபிடியா?" (டிஸ்க்கின் பகுதிகளைப் பதியும் பழைய முறையும் புது முறையும்.) விண்டோஸ் சொல்ல வருவது, "இதில் எழுதியிருப்பது எனக்குப் புரியவில்லை" என்பது மட்டுமே. மேக்கில் ஃபார்மட் செய்த டிஸ்க், லினக்ஸ் டிஸ்க், சிசிடிவி பெட்டிக்குள் இருந்த டிஸ்க் எல்லாமே பெரும்பாலும் விண்டோஸுக்குக் காலி மனையாகவோ புரியாத கிறுக்கலாகவோதான் தெரியும். வெளிப் பெட்டியிலிருந்து கழற்றி நேரே சாட்டாவில் மாட்டிய டிஸ்க்கும் அப்படியே. சில பெட்டிகள் தரவைத் தாங்களே மறையாக்கம் செய்து எழுதும், சில பெரிய டிஸ்க்குகளில் தட்டுப் பகுதிகளை வேறு அளவில் எண்ணும். பெட்டியைத் தூக்கியெறிந்தால் சாவியையும் எறிந்தது போல. பிட்லாக்கர் என்ற விண்டோஸ் மறையாக்கம் பூட்டிய டிரைவை வேறு கணினியில் போட்டால் 48 இலக்கச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், அங்கே தேடாமல் கடைக்கு ஓட வேண்டாம்.

அக்காவின் டிஸ்க்குக்கு வருவோம். சுழன்றது, 931 ஜிபி என்று காட்டியது (1 டிபி என்று வாங்கியதுதான், ஏமாற்று இல்லை, எண்ணும் முறை வேறு). ஆனால் பக்கத்தில் "ரா" என்று இருந்தது, கோப்பு அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை என்று பொருள். ஃபார்மட் செய்யவா என்று ஒரு சன்னல் எழுந்தது. உடனே அதை மூடினேன். ஸ்மார்ட் கணக்கைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ நிரலில் பார்த்தேன், எச்சரிக்கை மஞ்சள். சி5 வரியில் எண் நின்றது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகள் அவை. இங்கேதான் பலர் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவார்கள். அது கோப்பு அமைப்பை ஒழுங்காக்கப் பார்க்கும், தரவைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. நொண்டுகிற டிஸ்க்கில் அதை ஓட்டினால், புரியாத கோப்புகளைத் துண்டாக்கி ஓரமாகக் கட்டிவைத்துவிடும்.

நான் செய்தது, இன்னொரு டிஸ்க்கில் அச்சு நகல். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்றொரு நிரல் இருக்கிறது. அதற்கு நல்ல குணம் ஒன்று உண்டு. படிக்க முடிகிற இடங்களை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு தாண்டிப் போகும், கடைசியில் திரும்பி வந்து ஒவ்வொன்றாகக் கேட்கும். இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். நோயாளியை ஒரே முறை தொந்தரவு செய்தால் போதும், மற்ற வைத்தியம் எல்லாம் நகல் மேல். இரவு முழுக்க ஓடியது. நான் அடிக்கடி எழுந்து போய் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தேன், சூடு ஏறாமல் இருக்க மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். காலையில் படிக்க முடியாமல் மிஞ்சியது சில கிலோபைட்தான். நகலின் மேல் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு நிரலை ஓட்டியதும் கெட்டுப்போன கோப்பு அமைப்பு எழுந்து வந்தது. கல்யாணக் கோப்புறை, பினாங்கு மண்டபம், தாலி கட்டும் நேரம் எல்லாம் இருந்தது. ஒரு வீடியோ மட்டும் மாப்பிள்ளை அழைப்பில் உறைந்து நின்றது.

அக்கா வந்து பார்த்தார். உறைந்து நின்ற வீடியோவைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, "அதுல என் பெரிய நாத்தனார்தான் வருவாங்க, போகட்டும்" என்றார். புது டிஸ்க்கில் ஒன்று, மகள் வீட்டில் ஒன்று என்று இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன். பழைய டிஸ்க்கை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். கைக்குட்டையில் திரும்பச் சுற்றிக்கொண்டே, "டிவியில நாடகம் ரெக்காட் பண்ண வெச்சுக்கறேன் தம்பி" என்றார்.